பவளத் தொட்டிக்குக் கால்சியம்: கைச்செலவு குறைய நாமே கலந்து ஊட்டும் முறை

ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்த முதல் ஆறேழு மாதம் கால்சியத்தைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. பவளங்கள் எல்லாம் விரல் நீளம்தான் இருக்கும், வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் காலம் ஓடிவிடும். அப்புறம் ஆக்ரோபோரா பவளம் கிளைவிட ஆரம்பிக்கும், பின்கண்ணாடி முழுக்க கோரலைன் பாசி இளஞ்சிவப்பாக ஏறும், 420 பிபிஎம்மில் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு) இருந்த கால்சியம் டெஸ்ட் கிட்டில் 360 காட்டும். பதறிப்போய் ஒரு பாட்டில் வாங்குவோம். அது தீர்ந்ததும் இன்னொன்று. பவளம் வளர வளர பாட்டில் தீரும் வேகமும் கூடும்.

அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடைக் கரைத்த தண்ணீர். ஜோடியாக விற்கும் இரண்டாவது பாட்டிலில் சோடியம் பைகார்பனேட்டோ சோடியம் கார்பனேட்டோ இருக்கும், அதாவது சமையல் சோடாவும் அதன் உறவுக்காரரும். ஆக நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு தண்ணீருக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகிறது. இதே பொடிகளைக் கிலோ கணக்கில் வாங்கிச் சுத்தமான தண்ணீரில் நாமே கரைத்துக்கொண்டால் செலவு சில்லறையாகிவிடும். நான் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பொடியில் மிச்சப்படுத்துகிற காசில் ஒரு பங்கை டெஸ்ட் கிட்டில் போட வேண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கால்சியம் தனியாகப் போவதில்லை

பவளம் எலும்புக்கூடு கட்டும்போது தண்ணீரில் இருந்து ஒரு கால்சியம் அயனியையும் இரண்டு பைகார்பனேட் அயனிகளையும் எடுத்துக் கால்சியம் கார்பனேட் ஆக்குகிறது. அந்த பைகார்பனேட் கணக்கைத்தான் நாம் அல்கலினிட்டி என்று டி.கே.எச். (கார்பனேட் கடினத்தன்மையின் ஜெர்மன் அலகு) அளவில் பார்க்கிறோம். இரண்டும் ஒரே விகிதத்தில்தான் குறையும்: 1 டி.கே.எச். குறைந்தால் கூடவே சுமார் 7 பிபிஎம் கால்சியமும் போயிருக்கும்.

இயற்கைக் கடல்நீரில் கால்சியம் 410 முதல் 420 பிபிஎம் இருக்கிறது, அல்கலினிட்டியோ ஏறத்தாழ 7 டி.கே.எச். மட்டும். பவளங்கள் ஒரு நாளில் 1 டி.கே.எச். தின்றால் அல்கலினிட்டியில் ஏழில் ஒரு பங்கு காலி, கால்சியத்தில் போனதோ 420இல் வெறும் 7. சாதாரண கால்சியம் கிட் அந்த 7 பிபிஎம்மைப் பிடிக்கக்கூடப் பிடிக்காது. அதனால் தொட்டி பசியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது அல்கலினிட்டியைத்தான். கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆரம்பத்தில் எனக்கு இது புரியவில்லை. பவளம் வெளுக்கிறது, சரி கால்சியம் போதவில்லை என்று முடிவுகட்டி, தினமும் கால்சியம் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு மாதம் கழித்து அளந்தால் கால்சியம் 520, அல்கலினிட்டி 5க்குக் கொஞ்சம் மேலே. பவளத்துக்குக் கிடைக்காமல் போனது மற்றதுதான். சமையல் சோடாவில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம், இரண்டு நல்ல பவளங்களோடு போனது.

பொடியைத் தொடும் முன்

முதலில் உப்பளவு. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அடர்த்திக் கணக்கில் 1.026. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்துவிட்டு நம்பாதீர்கள், 35 பிபிடி சரிபார்ப்புக் கரைசலில் வைத்துப் பாருங்கள். உப்பளவு 31இல் இருந்தால் கால்சியமும் தானாகவே 370 பக்கம்தான் காட்டும், ஏனென்றால் எல்லாமே அதே அளவுக்கு நீர்த்துப்போயிருக்கும். அங்கே தேவை உப்பு, கால்சியம் இல்லை.

அடுத்து மெக்னீசியம். 1250 முதல் 1350 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். கடல்நீர் என்பது கால்சியம் கார்பனேட் தேவைக்கு மேல் கரைந்திருக்கும் தண்ணீர். அது தானாகவே வெண்பொடியாக உதிர்ந்து விழாமல் இருக்க ஒரு முக்கியக் காரணம் மெக்னீசியம். உருவாகும் படிகங்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு வளரவிடாமல் தடுக்கும். மெக்னீசியம் 1100க்குக் கீழே போய்விட்டால் நீங்கள் எவ்வளவு கால்சியம் ஊற்றினாலும் அளவு ஏறாது. போட்டதெல்லாம் ஹீட்டரின் மேலும் பம்பின் உள்ளும் வெள்ளைப் பொருக்காகப் படிந்திருக்கும்.

மூன்றாவது, தொட்டியில் உண்மையிலேயே எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்ற கணக்கு. கண்ணாடியின் நீள அகல உயரத்தைப் பெருக்கி வரும் எண் வேறு, உள்ளே இருக்கும் தண்ணீர் வேறு. பாறையும் மணலும் இடத்தை அடைத்திருக்கும், மேலே சில விரற்கடை காலியாக இருக்கும், அதே சமயம் சம்பில் (கருவிகள் வைக்கும் துணைத் தொட்டி) இருக்கும் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். தொட்டி நிரப்பும்போது வாளிக் கணக்கு வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் தொட்டிக் கணக்கில் 15 சதவீதம் கழித்து, சம்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தொட்டி தினமும் எவ்வளவு தின்கிறது

கால்சியம், அல்கலினிட்டி எதையும் போடாமல் மூன்று நாள் விடுங்கள், தண்ணீரும் மாற்றாதீர்கள். முதல் நாள் ஒரு நேரத்தில் அல்கலினிட்டி அளந்து எழுதுங்கள், மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் அளந்து எழுதுங்கள். 8.6 இருந்தது 7.1 ஆகியிருந்தால் மூன்று நாளில் 1.5, ஒரு நாளைக்கு 0.5 டி.கே.எச். அவ்வளவுதான், இந்த ஓர் எண் கிடைத்தால் மற்றதெல்லாம் பெருக்கல் வகுத்தல். தொடக்கத்திலேயே 7க்குக் கீழே இருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிவைத்து முதலில் அளவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

சாஃப்ட் கோரல் மட்டும் இருக்கும் தொட்டியில் இந்த எண் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் வரும். அப்படி வந்தால் மகிழ்ச்சி, நீங்கள் எதுவும் கலக்க வேண்டியதில்லை, தண்ணீர் மாற்றினாலே போதும். எல்.பி.எஸ். பவளங்கள் (பெரிய பாலிப் உள்ள கல் பவளங்கள்) சில இருந்தால் 0.2, 0.3 என்று வரும். எஸ்.பி.எஸ். (ஆக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் உள்ள கல் பவளங்கள்) நிறைந்த தொட்டியிலும் டிரைடாக்னா சிப்பி வளர்க்கும் தொட்டியிலும் 1, 2 என்றுகூட வரலாம்.

தண்ணீர் மாற்றியே சமாளிக்கலாமா

குறைந்த செலவு என்றதும் பலர் சொல்லும் முதல் யோசனை இது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் பலம் எவ்வளவு குறைவு என்று தெரியும். 10 சதவீதத் தண்ணீர் மாற்றினால் குறைந்ததில் 10 சதவீதம்தான் திரும்பி வரும். வாரத்துக்கு 0.7 டி.கே.எச். தின்னும் சின்னத் தொட்டியில் வாரம் 20 சதவீதம் மாற்றினாலும், போகப்போக அளவு உங்கள் உப்புக் கரைசலைவிட 3.5 டி.கே.எச். கீழே போய்த்தான் நிலைக்கும். உப்புக் கரைசல் 11 இருந்தால் தொட்டி 7.5இல் நிற்கும், அது பரவாயில்லை. கரைசல் 8 என்றால் தொட்டி 4.5, பவளம் தாங்காது. உப்பும் விலை குறைந்த பொருள் இல்லை. ஆக ஐம்பது லிட்டருக்குள் இருக்கும் தொட்டி, பசி குறைந்த பவளங்கள் என்றால் சரி, மற்றவர்கள் மேலே படியுங்கள்.

சுண்ணாம்பு நீர்

இருப்பதிலேயே விலை குறைந்த முறை இதுதான். கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. ஜெர்மன் பெயரில் கால்க்வாசர் என்பார்கள். பீட்டர் வில்கென்ஸ் இதைப் பவளத் தொட்டிக்குக் கொண்டுவந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன, இன்றும் யாரும் கைவிடவில்லை. கால்சியமும் அல்கலினிட்டியும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் ஒரே பொடியில் வருகின்றன, பின்னால் வேறு எந்த உப்பும் தங்குவதில்லை, பி.எச். கொஞ்சம் ஏறும். மூடிய அறையில் கரியமில வாயு தேங்கி பி.எச். 7.8, 7.9 என்று இழுத்துக்கொண்டிருக்கும் தொட்டிகளுக்கு அந்த ஏற்றமே வரம்.

பொடி வாங்கும்போது உணவுத் தரம் பாருங்கள், உணவுச் சேர்க்கை எண் 526 என்றிருக்கும். சுவருக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் மெக்னீசியமும் வேறு என்னென்னவோவும் கலந்திருக்கும், வேண்டாம். நீற்றாத சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு, தண்ணீர் பட்டதும் கொதிக்கும், அதைத் தொடவே தொடாதீர்கள்.

ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு 1.5 கிராம் பொடி. அதற்கு மேல் போட்டாலும் கரையாது, அடியில்தான் தங்கும். மூடியுள்ள கேனில் தண்ணீர் ஊற்றி, பொடி போட்டு, மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். பால்போல இருக்கும். அப்படியே சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வண்டல் இறங்கி மேலே தெளிவு நிற்கும். தொட்டிக்குப் போக வேண்டியது அந்தத் தெளிவு மட்டும்தான். பொடியில் கொஞ்சநஞ்சம் செம்பு போன்ற உலோகங்கள் இருந்தால் அவை பெரும்பாலும் அந்த வண்டலோடு கீழே தங்கிவிடும், இது இந்த முறையில் கிடைக்கும் இனாம். குழாயின் நுனியை அடியில் இருந்து மூன்று நான்கு விரற்கடை உயரத்தில் வைத்து எடுங்கள். கேனைத் திறந்து போடாதீர்கள்: காற்றில் உள்ள கரியமில வாயு சேர்ந்து மேலே ஏடு கட்டும், அந்த ஏடு வீணாய்ப் போன கால்சியம்.

தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டரில் சுமார் 800 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். 100 லிட்டர் தொட்டியில் 1 டி.கே.எச். ஏற்ற சுமார் 0.9 லிட்டர் வேண்டும். உங்களுடையது 200 லிட்டர், நாளைக்கு 0.5 தின்கிறது என்றால் நாளைக்கு 0.9 லிட்டர். அதே தொட்டி தினமும் 3 லிட்டர் ஆவியாகி இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஈடுகட்டும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுண்ணாம்பு நீர் இருந்தால் போதும். அல்லது மொத்த 3 லிட்டரிலும் லிட்டருக்கு அரை கிராம்போல நீர்க்கக் கலந்து விடலாம், எனக்கு இதுதான் பிடித்தது. இந்த முறையின் எல்லையும் இங்கேயே தெரிகிறது: ஆவியாவதற்கு மேல் ஒரு சொட்டும் விட முடியாது. 3 லிட்டரையும் முழுச் செறிவில் விட்டால் 200 லிட்டரில் 1.7 டி.கே.எச். வரை ஈடுகட்டும். அதற்கு மேல் பசிக்கும் தொட்டிக்குச் சுண்ணாம்பு நீர் மட்டும் போதாது.

இதன் பி.எச். 12.4 பக்கம். ஒரே மூச்சில் ஊற்றினால் தொட்டியின் பி.எச். ஏறி தண்ணீர் வெளிறிப் போகும். அதனால் சொட்டுச் சொட்டாக, சம்பில் தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில், பெரும்பாலும் இரவில், ஏனென்றால் விளக்கு அணைந்த பிறகு பி.எச். தானாக இறங்கும், நாம் ஏற்றுவது அதோடு சமன் ஆகிவிடும். டோசிங் பம்ப் (தானாக அளந்து ஊற்றும் பம்ப்) இல்லாதவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் சொட்டுக் குழாயே அருமையான கருவி. சாதாரணக் குழாயில் 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு 30 சொட்டு வைத்தால் பத்து மணி நேரத்தில் 900 மில்லி இறங்கும். நுனியில் வெள்ளையாக அடைக்கும், வாரம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்தால் போய்விடும்.

ஆவியான தண்ணீரைத் தானாக ஈடுகட்டும் ஆட்டோ டாப்-அப் கேனில் சுண்ணாம்பு நீர் வைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மிதவை மாட்டிக்கொண்டால் கேனில் உள்ளதெல்லாம் ஒரே இரவில் தொட்டிக்குள் போகும். ஆகவே ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தேவைக்கு மேல் கேனில் வைக்காதீர்கள். அப்படியும் நடந்து தண்ணீர் பாலாகிவிட்டால், ஸ்கிம்மரையும் (நுரையாக்கி அழுக்கெடுக்கும் கருவி) காற்று பம்பையும் முழுவேகத்தில் ஓடவிட்டு பி.எச். பாருங்கள். 8.6க்கு மேல் இருந்தால் சுவை சேர்க்காத சோடாத் தண்ணீரைச் சம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஊற்ற ஊற்ற அளந்து இறக்கலாம்.

கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. இந்தப் பொடி கண்ணில் பட்டால் விளையாட்டில்லை, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கேனைக் குடிதண்ணீர் என்று நினைக்க முடியாதபடி எழுதி ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரண்டு கரைசல் முறை

சுண்ணாம்பு நீர் போதாமல் போகும் தொட்டிகளுக்கும், சொட்டுக் குழாயோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கும் இது. வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி வகுத்துக் கொடுத்த செய்முறையைத்தான் உலகம் முழுக்கப் பவளம் வளர்ப்பவர்கள் கலக்கிறார்கள். ஒரு அமெரிக்க காலனுக்கு 500 கிராம் கால்சியம் குளோரைடு ஒரு பக்கம், 594 கிராம் சமையல் சோடா மறுபக்கம். லிட்டர் கணக்கில் நான் மாற்றி வைத்திருப்பது கீழே.

கால்சியம் கரைசல்: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 132 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லிட்டர். நீரற்ற வகை கிடைத்தால் 100 கிராம் போதும். பையில் எந்த வகை என்று போட்டிருக்கும், பாருங்கள். உணவுத் தரத்துக்கு எண் 509. சாலையில் பனி உருக்கத் தூவும் வகை விலை குறைவுதான், ஆனால் அதில் வேறு உப்புகளும் சாயமும் இருக்கலாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை. முக்கால் லிட்டர் தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, பொடியை அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பொடியின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கரையும்போது நன்றாகச் சூடாகும், நீரற்ற வகை இன்னும் அதிகமாக. கண்ணாடிப் பாட்டிலில் கலக்காமல் கெட்டியான பிளாஸ்டிக் குடுவையில் கலக்கி, ஆறிய பிறகு ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள்.

அல்கலினிட்டி கரைசல்: சமையல் சோடா 157 கிராம், 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் சுட்டது, தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லிட்டர். சுடுவதற்கு முன் எடை போடுங்கள். சுடும்போது நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும், 157 கிராம் 99 பக்கம் வந்துவிடும், பயப்பட வேண்டாம், சோடியம் பைகார்பனேட் சோடியம் கார்பனேட் ஆகிறது. சோடியம் கார்பனேட்டையே உணவுத் தரத்தில் வாங்க முடிந்தால் நேராக 99 கிராம், ஓவன் வேலை மிச்சம். துணி துவைக்க விற்கும் வாசனை போட்ட சோடா வேண்டவே வேண்டாம். பேக்கிங் பவுடரும் வேண்டாம், அது வேறு பொருள், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். இந்தப் பெயர்க் குழப்பத்தில் தொட்டியைக் கெடுத்தவர்கள் உண்டு.

ஏன் சுட வேண்டும்? இரண்டு காரணம். சுடாத சோடா லிட்டருக்கு 95 கிராம் அளவுக்குத்தான் கரையும், 157 கரையாது. இன்னொன்று, சுட்டது தொட்டியின் பி.எச்.ஐ ஏற்றும், சுடாதது லேசாக இறக்கும். உங்கள் பி.எச். ஏற்கெனவே 8.4க்கு மேல் போகிறது என்றால் சுடாமலே பயன்படுத்துங்கள், ஆனால் பாதிச் செறிவில்: லிட்டருக்கு 78 கிராம் சோடா, எதிர்ப்பக்கம் 66 கிராம் கால்சியம் குளோரைடு, ஊற்றும் அளவு இரண்டிலும் இரட்டிப்பு.

அளவு நினைவில் வைக்க எளிது. முழுச் செறிவுக் கரைசலில், 100 லிட்டர் தண்ணீருக்கு 19 மில்லி ஊற்றினால் அல்கலினிட்டி 1 டி.கே.எச். ஏறும். கால்சியக் கரைசல் அதே 19 மில்லி ஊற்றினால் கால்சியம் 7 பிபிஎம் ஏறும். இரண்டும் எப்போதும் சம அளவு. நம் 200 லிட்டர், 0.5 டி.கே.எச். தொட்டிக்கு அதிலும் 19, இதிலும் 19. அப்படியென்றால் ஒரு லிட்டர் கரைசல் ஐம்பது நாளுக்கு மேல் வரும். ஒரு கிலோ பொடி எத்தனை மாதம் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊற்றுவதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். ஒருநாள் அவசரத்தில் இரண்டையும் சம்பின் ஒரே மூலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தொட்டிக்குள் பனி பெய்துகொண்டிருந்தது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் சம்பில் இருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் பம்பின் உள்ளே வெள்ளைப் பொருக்கு படிந்து மறுநாள் நின்றுபோனது. இரண்டும் செறிவாக இருக்கும்போது சந்தித்தால் அங்கேயே கால்சியம் கார்பனேட் ஆகி உதிரும், அவ்வளவுதான் விஷயம். அல்கலினிட்டியைக் காலையில், கால்சியத்தை மாலையில் ஊற்றுங்கள். அப்படி முடியாவிட்டால் குறைந்தது கால் மணி நேரம் இடைவெளி, வேறு வேறு இடம், இரண்டு இடத்திலும் நல்ல ஓட்டம். ஒரே அளவுக் குவளையைக் கழுவாமல் இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

முதல் தடவை, விழுந்துபோன அளவைத் தூக்கி நிறுத்துவது தனி வேலை. அங்கே சம அளவு விதி கிடையாது. எது குறைந்திருக்கிறதோ அதை மட்டும் போடுங்கள். 200 லிட்டரில் கால்சியம் 350, வேண்டியது 420 என்றால் 70 பிபிஎம்முக்கு டைஹைட்ரேட் பொடி 51 கிராம், கரைசலாக என்றால் சுமார் 390 மில்லி, இதை மூன்று நான்கு நாளில் பிரித்து ஊற்றுங்கள். அல்கலினிட்டியை ஒரு நாளில் 1 டி.கே.எச்.சுக்கு மேல் ஏற்றாதீர்கள். திடீர் ஏற்றத்தில் எஸ்.பி.எஸ். நுனிகள் எரிந்ததுபோல வெளுக்கும், குறைவான அளவைச் சில நாள் பொறுத்துக்கொள்ளும் பவளம்கூட இதைப் பொறுக்காது. அவசரத்துக்குக் கரைசல் இல்லையென்றால், 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா, சுடாதது, ஒரு குவளை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து ஊற்றினால் 1 டி.கே.எச். ஏறும்.

இந்த முறையில் ஒரு மறைவான செலவு உண்டு. கால்சியம் குளோரைடில் இருந்து வரும் குளோரைடும் சோடாவில் இருந்து வரும் சோடியமும் தொட்டியிலேயே தங்கிச் சாதாரண உப்பாகச் சேரும். நாளைக்கு 1 டி.கே.எச். ஊட்டும் தொட்டியில் மாதத்துக்கு உப்பளவு சுமார் 0.6 பிபிடி ஏறும். வழக்கமான தண்ணீர் மாற்றத்தில் இது சரியாகிவிடும், ஆனால் மாற்றாமல் விட்டால் அரை வருடத்தில் உப்பளவு எங்கேயோ போயிருக்கும். சுண்ணாம்பு நீரில் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் நான் இப்போது அடிப்படைத் தேவையைச் சுண்ணாம்பு நீருக்கும் மீதியை இரண்டு கரைசலுக்கும் விட்டிருக்கிறேன்.

மெக்னீசியம் ஓரமாக

மெக்னீசியம் கால்சியத்தைவிட மிக மெதுவாகத்தான் குறையும், மாதம் ஒருமுறை அளந்தால் போதும். ஏற்ற வேண்டியிருந்தால் மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்: 200 லிட்டரில் 100 பிபிஎம் ஏற்ற 167 கிராம். எப்சம் உப்பு என்றால் 203 கிராம். எப்சம் எளிதாகக் கிடைக்கும், ஒருமுறை திருத்துவதற்கு அது மட்டும் போதும். ஆனால் மாதாமாதம் அதையே போட்டால் சல்ஃபேட் ஏறிக்கொண்டே போகும், ஆகவே தொடர்ந்து போடுபவர்கள் பெரும்பகுதி குளோரைடும் சிறுபகுதி எப்சமும் கலந்துகொள்ளுங்கள்.

கேள்விப்பட்டிருப்பீர்கள், செய்யாதீர்கள்

முட்டை ஓடு, கடற்சிப்பி, கணவாய் ஓடு, சம்பில் பவளத் துண்டுகள் நிரப்புவது. இவற்றில் கால்சியம் இருப்பது உண்மைதான், ஆனால் கடல்நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே தேவைக்கு மேல் கரைந்திருக்கிறது என்று மேலே சொன்னேனே, பி.எச். 8 பக்கம் இருக்கும் வரை இவை கரைவதற்கு வழியே இல்லை. கரைய வேண்டுமென்றால் கரியமில வாயுவைச் செலுத்தி பி.எச்.ஐ 6.5 பக்கம் இறக்க வேண்டும். கால்சியம் ரியாக்டர் செய்வது அதைத்தான். நல்ல கருவி, பெரிய தொட்டிகளுக்கு நீண்ட நாளில் லாபம்கூட, ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர் என்று முதல் செலவு பெரிது, இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

எலும்புக்குத் தின்னும் கால்சியம் மாத்திரைகளில் கார்பனேட், லாக்டேட், சிட்ரேட் என்று பல வகை. கார்பனேட் கரையாது, மற்றவை கரையும், கூடவே பாக்டீரியாவுக்கு விருந்தும் ஆகும், தண்ணீர் கலங்கும். மாத்திரையை உருட்டிப் பிடிக்கச் சேர்த்த பசையும் நிறமும் வேறு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஜிப்சம் இரண்டும் கால்சியம் சல்ஃபேட், அல்கலினிட்டி துளியும் தராது.

வழக்கமாக வரும் சிக்கல்கள்

தினமும் சரியாக ஊற்றியும் இரண்டும் இறங்கிக்கொண்டே போகிறதா? மெக்னீசியத்தை அளந்து பாருங்கள், ஹீட்டரையும் பம்பையும் கழற்றிப் பாருங்கள். அவை பொருக்குப் பிடித்திருந்தால் பவளத்துக்குப் போக வேண்டியதை அவை தின்கின்றன. வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஊறவைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

அல்கலினிட்டி நிற்கிறது, கால்சியம் மட்டும் மெல்ல இறங்குகிறது என்றால் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு பொடி காற்றில் ஈரம் குடித்திருக்கும். 132 கிராம் என்று நிறுத்ததில் பாதி தண்ணீராக இருந்தால் கரைசல் எப்படிச் செறிவாக இருக்கும்? வாங்கியதும் முழுப் பையையும் ஒரே தடவையில் கரைசலாக்கி வைத்துவிடுவது இதற்கு நல்ல வழி, கரைசல் கெட்டுப்போகாது. குளிர்ந்த இடத்தில் வைத்த அல்கலினிட்டி கரைசலில் மட்டும் அடியில் படிகம் உறையலாம், வெதுவெதுப்பாக்கிக் குலுக்கினால் மறுபடி கரையும்.

அளவுகள் எல்லாம் சரி, பவளம் மட்டும் வளரவில்லையா? விளக்கு, நீரோட்டம், நைட்ரேட், பாஸ்பேட் பக்கம் பாருங்கள். கால்சியத்தை 420இல் இருந்து 480க்கு ஏற்றுவதால் பவளம் வேகமாக வளராது.

டோசிங் பம்ப் எப்போது வாங்கலாம் என்று கேட்பார்கள். நாளைக்கு 0.5 டி.கே.எச். வரை கையால் ஊற்றிச் சமாளிக்கலாம். 1ஐத் தாண்டிவிட்டால், ஒருநாள் ஊர் போய் வந்தால்கூட அளவு தள்ளாட ஆரம்பிக்கும், அப்போது இரண்டு தலை உள்ள சின்ன பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். பெரிய பெயர் எதுவும் தேவையில்லை, ஆனால் மாதம் ஒருமுறை அது சொல்லும் 10 மில்லி உண்மையில் 10 மில்லிதானா என்று அளவுக் குழாயில் பிடித்துப் பாருங்கள்; உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் தேய்ந்தால் அளவு குறையும்.

கலந்து முடித்ததும் இரண்டு கேனிலும் பெயரையும் கலந்த தேதியையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், கால்சியத்துக்கு ஒரு நிற மூடி, அல்கலினிட்டிக்கு வேறு நிற மூடி. இரண்டும் பார்ப்பதற்குத் தண்ணீர்போலவேதான் இருக்கும்.